மங்கலம்பேட்டையிலிருந்து பாடலிபுத்திரம் வரை

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. பேரூராட்சி. பள்ளிவாசல், கோயில், உரக்கடை, ஜவுளிக்கடை, பரோட்டாக் கடை, செல்போன் பழுது பார்க்கும் கடை எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். சுற்றிலும் முந்திரியும் மல்லாட்டையும் கரும்பும். சுற்றுலாக் கையேடுகள் கண்டுகொள்ளாத ஊர். வேலை இருப்பவர்கள்தான் இங்கே இறங்குவார்கள். எனக்கு இருந்த வேலை சற்று விசித்திரமானது. மனித மனம் காலப்போக்கில் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏதாவது அருங்காட்சியகத்துக்குப் போவதை விட்டுவிட்டு வெயிலில் டவுன் பஸ் பிடிப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலிருந்து தொடங்கினால் பதில் சொல்லிவிடலாம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் முறையாக அகழ்ந்து, அவற்றில் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-இல் அறிவித்தார்கள். எல்லோரும் அந்தப் பழமையைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது அதன் மாறாத்தனம். பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய ஒரே வகைக் கோடரி. தாத்தன் செதுக்கியதையே பேரனும், அவனுக்குப் பின்வந்த ஆயிரமாயிரம் பேரன்களும் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் நம் இனம்கூட இல்லை, நமக்கு முன் வாழ்ந்த வேறு மனிதர்கள். புதுமுறைச் செதுக்கல் அங்கே தலைகாட்டியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்புதான்.

நம் இனம் வந்த பிறகும் மண்டைக்குள் இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் மண்டைக்கு வெளியே: பாட்டு, ஏடு, எழுத்து, எண், சட்டம். தலைக்குள் வைத்திருந்ததை வெளியே எடுத்து வைக்கவும், அடுத்தவன் எடுத்து வைத்ததைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளவும் மனிதன் பழகிய பிறகே வேகம் பிடித்தது. அந்த வேகத்தின் தடயங்கள் மங்கலம்பேட்டையிலிருந்து கடலூர் வரை சாலையோரமாகவே கிடக்கின்றன.

முதல் தடயம் பக்கத்திலேயே, கோணான்குப்பத்தில். மங்கலம்பேட்டையை அடுத்த இந்தச் சிற்றூரில் பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கிறது. கட்டியவர் வீரமாமுனிவர். இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்ஸோ பெஸ்கி, 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, மறு ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழ் படித்துத் தமிழ்ப் புலவரானார். இங்கே முந்திரிக் காட்டு வழியாகப் போனபோது அவர் கொண்டுவந்த மாதா சொரூபம் காணாமல்போனது என்றும், மாடு மேய்க்கும் சிறுவர்கள் கண்டெடுத்தார்கள் என்றும், பிள்ளையில்லாத முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயர் அந்த மாதாவை வேண்டிப் பிள்ளை பெற்றார் என்றும், அந்த நன்றியில் எழுந்ததே கோயில் என்றும் தலவரலாறு சொல்கிறது. ஜனவரியில் நடக்கும் தேர்த்திருவிழாவில் அந்த ஜமீன் குடும்பத்துக்கு இன்றும் மரியாதை உண்டு.

உள்ளே நிற்கும் மாதா சேலை கட்டியிருக்கிறாள். முனிவர் தமிழ்ப் பெண் உருவில் சித்திரம் எழுதி அனுப்பி, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் செய்து வரவழைத்த சிலை என்பது மரபு. மணிலா என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவு வருவது மல்லாட்டைதான்; அதுவும் மணிலா வழியாக வந்தது என்று நம்பித்தான் மணிலாக்கொட்டை என்றார்கள். தென் அமெரிக்கக் கடலை, பிரேசில் முந்திரி, இத்தாலியர் கண்ட மாதா. இந்தச் செம்மண் யாரையும் ஊர் கேட்டு நிறுத்தியதாகத் தெரியவில்லை. (மனிதர்களை நிறுத்தியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

பெரியநாயகி என்ற பெயரும் முனிவர் தானாகப் புனைந்ததில்லை. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனுக்கு அதே பெயர். கோயில் வாசலில் பூ விற்ற அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தெரியாம என்னா தம்பி. மூத்தவ விருத்தாசலத்துல இருக்கா, எளையவ இங்க வந்துட்டா. அக்கா வூட்டுக்குப் போறப்ப எனக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்றார். மதங்களின் வரலாறு பற்றி நான் படித்த தடித்த புத்தகங்கள் சிலவற்றைவிட இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. புதுச் சாமி வரும்போது பழைய சாமியின் பெயரையும் உடையையும் வாங்கிக்கொண்டு வருகிறது. வந்து, உறவு முறை சொல்லிக்கொள்கிறது.

ஆனால் முனிவர் செய்ததில் ஆழமான மாற்றம் கோயிலுக்கு வெளியே நடந்தது. 3,615 பாட்டுகளில் அவர் பாடிய தேம்பாவணியைப் புலவர்கள் கொண்டாடுகிறார்கள். நான் கொண்டாடுவது 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதியை. அதற்கு முன் தமிழில் ஒரு சொல்லுக்குப் பொருள் அறிய வேண்டுமானால் பெரும்பாலும் திவாகரமோ பிங்கலமோ சூடாமணியோ நெட்டுருப் போட்டிருக்க வேண்டும். நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. மனத்தில் தங்குவதற்காகவே அப்படிச் செய்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பொருள் புரியாமலே நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொள்வான், புரிவது பிறகு வரும். முனிவர் சொற்களை அகரவரிசையில் அடுக்கிப் போட்டார். அன்றோடு தலையில் சுமக்க வேண்டிய கட்டாயம் போனது. குரு பக்கத்தில் இல்லாவிட்டாலும், நிகண்டு பாடமில்லாவிட்டாலும், எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் தானே தேடிக் கண்டுபிடிக்கலாம். இது அறிவின் அளவில் வந்த மாற்றம் என்பதைவிட, அறிவைக் கையாளும் பழக்கத்தில் வந்த மாற்றம். இன்று செல்போனில் எதையோ தேடுகிற விரலுக்கு மூதாதை அந்த அகரவரிசை.

எழுத்திலும் கை வைத்தார். பழைய முறையில் குறில் எகர ஒகரத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். படிப்பவன் குறிலா நெடிலா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும்; ஊகிக்கிறவன் ஏற்கெனவே படித்தவனாக இருக்க வேண்டும். முனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்து அந்தத் தடையை எடுத்தார். இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஏணி என்று எழுதும்போது ஏகாரத்துக்கு இழுக்கிற அந்தக் கோடு அவர் தந்தது. அத்திரம்பாக்கத்தில் பத்து லட்சம் ஆண்டுகளில் ஆகாத மாற்றம் ஒரு மனிதரின் ஆயுளுக்குள் ஆனது.

சதுரகராதி விளைந்த நிலத்தில் இன்னோர் அகராதியும் விளைந்தது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகத்துப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். வயலிலும் முந்திரித் தோப்பிலும் புழங்குகிற, எந்தப் பேரகராதியும் ஏறிட்டுப் பார்க்காத சொற்கள் அதில் இருக்கின்றன. அகராதி செய்யப் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு வர நமக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பழமலைநாதர் கோயில். செங்கல்லாக இருந்த கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவியின் கை இங்கேயும் பட்டிருக்கிறது. சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று கேலியாகச் சொல்கிறோம். பண்பாட்டு விஷயத்தில் அது அப்படியே நடக்கிறது என்பதைக் கடலூருக்குப் போனதும் சொல்கிறேன்.

இந்த ஊரை அழகாக மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. 2003 ஜூலையில் விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் இளைஞரையும் இளம்பெண்ணையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. பெண் வேறு சாதி, அவரும் படித்தவர். இருவரும் அந்த ஆண்டுதான் கடலூரில் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், கடலூர் நீதிமன்றம் 2021-இல் பெண்ணின் தந்தை, அண்ணன் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். சாலை போட்டாயிற்று, பள்ளிக்கூடம் வந்தாயிற்று, பட்டமும் வாங்கியாயிற்று. கொன்றவர்களின் மனத்தில் மட்டும் பழைய கோடரி அப்படியே இருந்தது.

இமையத்தின் 'பெத்தவன்' நெடுங்கதை இதே நிலத்தின் இதே நோயைப் பற்றியது. பெற்ற மகளைக் கொன்றுவிடு என்று ஊர் சொல்ல, தகப்பன் தவிக்கிற தவிப்பு. படித்துவிட்டு இரண்டு நாள் வேறெதுவும் படிக்க முடியவில்லை. சமூகம் படிப்படியாக ஏறி வருகிறது என்ற ஏணிக் கணக்கில் எனக்கு நம்பிக்கை போனதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். ஏட்டில் உள்ளது ஒரு வேகத்தில் மாறுகிறது, வீட்டில் உள்ளது வேறு வேகத்தில் மாறுகிறது, சில வீடுகளில் மாறுவதே இல்லை.

நெய்வேலியைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டு கடந்தேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக வந்தது பழுப்பு நிலக்கரி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் புதைந்த காடு. 1956-இல் நிறுவனம் வந்தது. ஜெர்மன் இயந்திரம் தோண்டியது, சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. மின்சாரம் தென்னாட்டுக்கு எல்லாம் போனது. நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வேலை கேட்டு நிற்கிறார்கள். 2023-இல் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நெற்பயிர் மேல் இயந்திரத்தை ஏற்றியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வடலூர். இங்கே நின்றே ஆக வேண்டும்.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள் தில்லையில் உருகியவர். கடைசியில் தில்லையிடமிருந்து விலகி வந்து தமக்கென ஒரு சபை கட்டினார். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: உத்தர ஞான சிதம்பரம். கோணான்குப்பத்தில் பார்த்த அதே வழக்கம். பழையதை விட்டு வெளியேறுகிறவரும் பழையதன் பெயரைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியேறுகிறார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். 1872 ஜனவரி 25-இல் எண்கோண வடிவச் சத்திய ஞானசபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது. உருவம் இல்லை, ஏழு திரை விலகினால் ஒரு விளக்கின் ஒளி.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அடுப்பு வந்துவிட்டது. சபைக்கு முன் சோறு. 1867 மே 23-இல் சத்திய தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, உட்கார்ந்தால் இலை வருகிறது. நானும் உட்கார்ந்தேன். இடது பக்கம் ஒரு லாரி ஓட்டுநர், வலது பக்கம் ஒரு பாட்டி, எதிரே கல்லூரிப் பையன்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதே சாதியின் முதல் சட்டமாக இருந்த நாட்டில், பந்தியைத் திறந்து விட்டதுதான் அந்த நூற்றாண்டின் பெரிய செயல் என்று நினைக்கிறேன். தத்துவம் பேசி மனத்தை மாற்றலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். ஓரிடத்தில் கோடும் போட்டார்: ஞானசபைக்குள் போகப் புலால் மறுத்திருக்க வேண்டும், சோற்றுக்கு அந்த நிபந்தனை கிடையாது. எந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்று இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள் குறைவு.

சிதம்பரத்தில் கதவுகளின் கதை நேர்மாறு.

தில்லைக் கோயிலின் சிற்பங்களையும் 108 கரணங்களையும் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னை இழுத்தது பூட்டிய ஓர் அறை. மூவர் பாடிய தேவாரம் எங்கே என்று ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தேடி வந்தபோது, ஏடுகள் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்பது மரபு. மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் தீட்சிதர்கள். மூவர் திருமேனிகளை எழுந்தருளச் செய்து அரசன் திறக்க வைத்தான். உள்ளே கரையான் புற்று. மிஞ்சியவை ஏறக்குறைய 800 பதிகங்கள், பாடியவற்றில் ஒரு சிறு பங்கு. எழுதி வைத்தால் மட்டும் போதாது. திறந்தும் வைக்க வேண்டும். பூட்டிய ஏடு கரையானுக்குத்தான் பயன்படும்.

இந்தக் கதையைச் சொல்லும் திருமுறை கண்ட புராணம் உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்குகிறது. அவர் தாமே தீட்சிதர். குலம் பார்க்காமல் மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டு, அவர் உண்ட மிச்சக் கஞ்சியைக் குடித்ததற்காக விலக்கி வைக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார். விறகு சுமந்து வந்த பெற்றான் சாம்பானுக்கு அவர் தீட்சை கொடுத்ததாகவும் வரலாறு உண்டு. வாசலில் நின்ற நந்தனாரைத் தீயில் இறக்கி உள்ளே அழைத்தது பெரியபுராணம்; இவர் தீ மூட்டவில்லை.

தீ இல்லாத வழியை இன்னொருவரும் கண்டுபிடித்தார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார். நந்தனார் பெயரில் கோயில் கட்டுவதைவிட நந்தனாரின் பேரப்பிள்ளைகளுக்குப் பலகையும் பலப்பமும் கொடுப்பது மேல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. மாவட்டத்தின் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அங்கிருந்து வந்தவர். கோயிலிலோ, சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட 2008-இல் அரசாணை தேவைப்பட்டது. கனகசபையில் பக்தர்கள் ஏற 2022-இல் இன்னோர் ஆணை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ராஜராஜன் திறந்த அறைக்கு நாம் இன்னமும் சாவி தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடலூரில் நான் தேடிப் போன இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. திருப்பாதிரிப்புலியூர்: பாடலீசுவரர் கோயில், ரயில் நிலையம், நெரிசலான கடைத்தெரு. பல்லவர் காலத்தில் இதற்குப் பாடலிபுத்திரம் என்று பெயர். இங்கே பெரிய சமணப் பள்ளி இருந்தது. திருநாவுக்கரசர் முதலில் தருமசேனராக இருந்தது இந்தப் பள்ளியில்தான். அவர் சைவத்துக்குத் திரும்ப, அரசனும் திரும்ப, பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். கல்லும் மதம் மாறியது.

அதற்கு முன், பாடலி என்ற ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் பிராகிருதத்தில் 'லோகவிபாகம்' எழுதினார். காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆண்டு, சக ஆண்டு 380, அதாவது பொ.ஆ. 458. அந்தப் பாடலி இந்தத் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவு. உலகின் அமைப்பையும் தீவுகளையும் கடல்களையும் அளந்து சொல்லும் நூல் அது. சமணர்களின் அண்டம் மிகப் பெரியது. கோடிகளில் எண் வேண்டும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சொல் வைத்து, ஒன்றாம் இடத்திலிருந்து வரிசையாக அடுக்கி, ஒன்றுமில்லாத இடத்துக்கு 'சூனியம்', 'வானம்' என்று சொல் போட்டார்கள். இடமதிப்பும் பூஜ்யமும் கொண்ட எண்முறையைக் காட்டும் மிகப் பழைய, காலம் தெரிந்த நூல்களில் ஒன்றாகக் கணித வரலாற்றில் இதற்கு இடமுண்டு.

மூல நூல் அழிந்துவிட்டது. சிம்மசூரி என்பவர் வடமொழியில் ஆக்கிய பிரதிதான் நம்மிடம் இருக்கிறது. நூல் இங்கே எழுதப்பட்டது, வேற்று மொழியில் பிழைத்தது, எண்முறை அரபு நாடு போய் ஐரோப்பா சுற்றிப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகமாக நம்மிடமே திரும்பி வந்தது. மணிமுத்தாற்றில் போட்ட பொன்னாவது பக்கத்துத் திருவாரூரில் கிடைத்தது.

கடைத்தெருவில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து கரையேறிய கதை அனைவருக்கும் தெரிந்திருந்தது. சர்வநந்தியை யாருக்கும் தெரியவில்லை. குற்றம் அவர்கள் மேல் இல்லை. அந்தப் பெயர் எழுதிய பலகை எதையும் நான் அங்கே பார்க்கவில்லை. மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் மனம் வைத்தால் பெரிய செலவில்லை. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலைய வாசலில், தமிழில், பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கிற உயரத்தில் ஒரு பலகை வையுங்கள்: சர்வநந்தியின் பெயர், நூலின் பெயர், 458 என்ற ஆண்டு. கீழே பெரிதாக ஒரு பூஜ்யம்.